இப்பத்தான் குடிச்சிட்டு வாரேன்

ஐனோ வந்த முதல் வாரத்தில் ஒவ்வொரு தோசைக்கும் ஒரு நன்றி சொன்னாள். நாலு தோசைக்கு நாலு "மிக்க நன்றி". சட்னிக்குத் தனியாக இன்னொன்று. மங்கையர்க்கரசிக்கு முதலில் அது வேடிக்கையாக இருந்தது. இரண்டு நாளில் எரிச்சலாக வந்தது. வாரக் கடைசியில் மனசே கஷ்டப்பட்டுவிட்டது. பெற்ற பிள்ளைக்குப் போடுவதுபோல நெய் ஊற்றி முறுகலாகச் சுட்டுப் போட்டால், ஓட்டல் சர்வரிடம் சொல்வதுபோல நன்றி சொல்கிறாளே இந்தப் பெண்!

"அது அவ ஊர்ப் பழக்கம். ஃபின்லாந்துல சொல்லலேன்னா தப்பா நினைப்பாங்களா இருக்கும்," என்றார் அவள் கணவர் சங்கரலிங்கம், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். மின்வாரியத்தில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தப் பிரச்சினையையும் இரண்டு வரியில் முடித்துவிட்டு விளையாட்டுப் பக்கத்துக்குப் போய்விடுவார்.

"இங்க வந்தா இங்க உள்ளதைப் பழக வேண்டாமாங்க?"

பாளையங்கோட்டையில் அவர்களுடைய வீடு கொஞ்சம் பெரிய வீடு. மகன் கனடாவுக்குப் போனபின் மாடி அறை பூட்டியே கிடந்தது. மங்கையர்க்கரசி வேலை பார்க்கும் பள்ளிக்கு மாணவர் பரிமாற்றத் திட்டம் வந்தபோது அவள்தான் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள். பதினேழு வயதுப் பெண், ஆறு மாதம் தங்குவாள், மூன்று மாதம் ஒரு வீட்டில், மூன்று மாதம் இன்னொரு வீட்டில். இரண்டாவது வீட்டைச் சிபாரிசு செய்ததும் மங்கையர்க்கரசியே. கணக்கு டீச்சர் சொர்ணலதா. இருபத்திரண்டு வருஷமாக ஸ்டாஃப் ரூமில் பக்கத்து நாற்காலி. சிபாரிசுப் படிவத்தில் 'உங்களுக்கு என்ன உறவு' என்ற கேள்விக்கு, 'தங்கை மாதிரி' என்று எழுதியிருந்தாள். எழுதும்போது அவளுக்கே கண் கலங்கியது.

ஐனோ இரண்டு வருஷம் இணையத்தில் தமிழ் படித்துவிட்டு வந்தவள். பேச்சில் குறையில்லை, செய்கையில்தான் எல்லாக் குறையும். இடது கையால் விபூதித் தட்டை நீட்டினாள். தரையில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்த மங்கையர்க்கரசியின் கால்களைத் தாண்டிப் போனாள். வெளியே கிளம்பும்போது "போகிறேன்" என்று வாசலில் நின்று கணீரென்று சொன்னாள். எதிர்வீட்டுக்காரம்மா சும்மா ஒரு பேச்சுக்கு "எங்க கிளம்பிட்டே?" என்று கேட்டதற்கு, எந்தப் பஸ், எத்தனை மணிக்கு, மருந்துக் கடையில் என்ன வாங்கப்போகிறாள் என்பது வரை ஒப்பித்துவிட்டு வந்தாள். அவள் ஊரில் "போதும்" என்றால் போதும் என்று அர்த்தமாம். இங்கே மூன்றாவது "போதும்"தான் போதும் என்பது தெரியாமல், இலையில் விழுந்ததையெல்லாம் தின்று தீர்த்து, ஒருநாள் சாப்பாட்டின் முன்னால் உட்கார்ந்து அழுதேவிட்டாள்.

மூன்றாவது வாரம் ஹெப்சிபா வந்தாள். திட்டத்தின் உள்ளூர்ப் பொறுப்பாளர், முப்பது வயதிருக்கும், அதே ஊர் சாந்திநகர்ப் பெண். ஐனோவின் காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த சின்ன வட்டத்தைத் தொட்டுப் பார்த்தாள். ஸ்டிக்கர் பொட்டு அளவுதான் இருக்கும். வந்த நாளிலிருந்தே அது அங்கே இருந்தது. வீட்டில் அதைக் காதுப்பொட்டு என்று சொல்லிப் பழகிவிட்டார்கள்.

"இத்தனை நாள் இது சும்மா பாத்துக்கிட்டு மட்டும் இருந்துச்சு மேடம். இன்னையில இருந்து வேலை செய்யும்," என்றாள்.

"என்ன வேலை?"

"உங்க வீட்டுப் பழக்கத்தை இவளுக்குப் பழக்கிவிடும். எதை எப்படிச் செய்யணும்னு நரம்புக்கு ஒரு சின்னத் தட்டு தட்டும். இவளுக்கே தெரியாது. கை தானாப் போவும். வாயில அந்த வார்த்தை தானா வரும்."

"அப்பம் நல்லதாப் போச்சு. நான் ஒரு லிஸ்ட் எழுதித் தாரேன், அதை உள்ள போட்டுருங்க." மங்கையர்க்கரசி பேனாவைத் தேட எழுந்தே விட்டாள்.

ஹெப்சிபா சிரித்தாள். "லிஸ்ட் எல்லாம் எடுத்துக்காது மேடம். நீங்க வாயால சொல்லித் தரதையும் எடுத்துக்காது. நீங்க செய்யுறதை மட்டும்தான் எடுத்துக்கும்."

"அது ஏன் அப்படி?"

"முதல்ல வந்த மாடல் சொல்லுறதைத்தான் கேட்டுச்சு. பிள்ளைங்க எல்லாம் ரொம்ப நல்ல பிள்ளைங்களா ஆயிட்டு. ஒரு வீட்லயும் ஒத்துப்போகல."

சங்கரலிங்கம் பேப்பரைக் கீழே வைத்துவிட்டு வெடிச்சிரிப்புச் சிரித்தார். மங்கையர்க்கரசியும் கூடச் சேர்ந்து சிரித்தாள். பின்னாளில் அந்தச் சிரிப்பை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குக் காது சுடும்.

"வீட்ல யாரை அதிகம் பாக்காளோ, அவங்களைத்தான் அப்படியே பிடிச்சுக்கும். இந்த வீட்டுக்கு நீங்கதான் மேடம்," என்று ஹெப்சிபா சொல்லிவிட்டுப் போனாள். மங்கையர்க்கரசிக்குப் பெருமை பிடிபடவில்லை.

பிறகு நடந்ததெல்லாம் மாயம் போலத்தான். ஒரு வாரத்தில் தோசைக்கு நன்றி நின்றது. "இன்னொண்ணு வைக்கட்டா?" என்றால் "வேண்டாம் அத்தை, வயிறு நிறைஞ்சுட்டு" என்று சொல்லிக்கொண்டே இலையைக் கொஞ்சம் முன்னால் தள்ளினாள். "போயிட்டு வாரேன்" என்றாள். எதிர்வீட்டுக்காரம்மா "எங்க?" என்றால் "இந்தா, இப்படித்தான்" என்று கையை வீசிவிட்டு நடந்தாள். கோலப்பொடி டப்பாவை மூடும்போது மூடியை இரண்டு தட்டுத் தட்டுவது மங்கையர்க்கரசியின் வழக்கம், அதுவும் வந்துவிட்டது. பழனியிலிருந்து வந்த பெரிய நாத்தனார், வெள்ளைக்காரப் பெண் தன் கைக்கு விபூதி எடுத்துக் கொடுத்த பாங்கைப் பார்த்து, "நம்ம வீட்டுப் பிள்ளை கெட்டுது போ!" என்று கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள்.

மங்கையர்க்கரசி பள்ளியில் தினமும் ஒரு ஐனோ கதை சொன்னாள். சொர்ணலதா விடைத்தாள் திருத்திக்கொண்டே கேட்பாள். "எங்க வீட்டுக்கு வரும்போது இன்னும் என்னெல்லாம் பழகியிருக்காளோ," என்று சிரிப்பாள்.

அந்த மூன்று மாதத்தில் ஐனோவைக் கூட்டிக்கொண்டு சொர்ணலதா வீட்டுக்கு மூன்று முறை போனாள் மங்கையர்க்கரசி. ஒருமுறை ஆண்டுவிழா வேலை, ஒருமுறை சொர்ணலதாவின் மகள் யாழினிக்குப் பிறந்தநாள், ஒருமுறை சும்மா. சித்திரம்போல வைத்திருக்கும் வீடு. போனவுடன் சொர்ணலதா "காபி போடட்டுமா டீச்சர்?" என்பாள். "ஐயோ வேண்டாம், இப்பத்தான் குடிச்சிட்டு வாரேன்," என்பாள் மங்கையர்க்கரசி. "தண்ணியாச்சும்?" "பாட்டில் வச்சிருக்கேன், பாருங்க." பிறகு ஒரு தட்டில் வாழைப்பழமும், மூடி திறக்காத கலர் பாட்டிலும் வரும். "ஒரு பழம் மட்டும் எடுத்துக்கிடுதேன்," என்று பிரியமாக ஒன்றை உரிப்பாள். பிறந்தநாளன்று கேக்கை வாங்கி, "வீட்ல போய் அவங்களோட சாப்பிடுதேன்" என்று டிஷ்யூ பேப்பரில் மடித்துக்கொண்டாள். வழியில் பஸ் ஸ்டாண்டு மாட்டுக்குப் போட்டாள். ஐனோ பக்கத்தில்தான் நின்றாள்.

ஒருநாள் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷினைப் பழுது பார்க்க ஒருவர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் கம்பெனி அட்டை, இருபத்தைந்து வயது. மங்கையர்க்கரசி பின்கட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். சமையலறையிலிருந்து ஐனோவின் குரல் கேட்டது.

"உங்களுக்குச் சொந்த ஊர் எது அண்ணே?"

"சங்கரன்கோவில் பக்கம்மா."

"பக்கம்னா?"

அவர் ஒரு கிராமத்தின் பெயரைச் சொன்னார்.

"ஊருக்குள்ளயா, இல்ல ரோட்டுக்கு அந்தப் பக்கமா?"

ஸ்குரூ டிரைவர் கிர்ரென்றது. "அந்தப் பக்கம்," என்றார் அவர்.

மங்கையர்க்கரசி சமையலறை வாசலுக்கு வந்தபோது ஐனோ எக்கி நின்று மேல் அலமாரியைத் திறந்துகொண்டிருந்தாள். எவர்சில்வர் டம்ளர்கள் கைக்கெட்டும் தூரத்தில் வரிசையாகக் கவிழ்ந்திருந்தன. அதை விட்டுவிட்டு, மேலே தனியாக இருந்த மூன்று பீங்கான் கப்புகளில் ஒன்றை எடுத்தாள். நீலப்பூப் போட்ட கப். காபியை ஊற்றி, மேடையின் ஓரத்தில் வைத்து, இரண்டு விரலால் அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் நின்றுகொண்டே நாலு வாயில் குடித்துவிட்டு, கப்பைத் தானே கழுவப் போனார். "வைங்கண்ணே, நான் பாத்துக்கிடுதேன்," என்றாள் ஐனோ. அவர் போனபின், தொட்டியில் கிடந்த பாத்திரங்களோடு சேர்க்காமல், அந்தக் கப்பைப் பின்குழாயில் கழுவி மேலே வைத்தாள்.

மங்கையர்க்கரசி உள்ளே வந்து மேல் அலமாரியின் கதவைச் சாத்தினாள்.

"ஐனோ, வீட்டுக்கு வாரவங்ககிட்ட அப்படியெல்லாம் கேக்கக்கூடாதும்மா."

"எப்படி அத்தை?"

"ஊரு எது, எந்தப் பக்கம்னு."

"நான் கேக்கணும்னு நினைக்கல. வாயில வந்துட்டு." ஐனோ உண்மையாகவே யோசித்தாள். "நீங்க கேப்பீங்கல்ல? கேஸ்கார அண்ணன்கிட்ட கேட்டீங்க. மாடி அறைக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவர்கிட்ட. புது பி.டி. டீச்சர்கிட்ட."

"அது சும்மா... பேச்சுக்கு."

"ம்." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள். "பூக் கப் யாருக்கு அத்தை?"

"விசேஷமானவங்களுக்கு. அது நல்ல பீங்கான். சொர்ணலதா டீச்சர் வந்தா அதுலதான குடுப்பேன், பாத்திருக்கியே."

"பழனி அத்தை வந்தப்ப டம்ளர்ல குடுத்தீங்களே?"

"அவ நம்ம வீட்டு ஆளு."

"டீச்சர் உங்க தங்கச்சி மாதிரின்னு சொன்னீங்க," என்றாள் ஐனோ. அவள் குரலில் குற்றம் சாட்டும் தொனி துளிகூட இல்லை. புரியாத கணக்கைக் கேட்கும் மாணவியின் முகம்தான் இருந்தது. மங்கையர்க்கரசி பருப்பு கருகுகிறது என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அடுப்பில் பருப்பு இல்லை.

இருபத்தெட்டு வருஷமாகச் சமத்துவம், தீண்டாமை ஒழிப்பு, சட்டப்பிரிவு பதினேழு எல்லாம் கரும்பலகையில் எழுதிப்போட்டவள் அவள். "எங்க வீட்ல அதெல்லாம் பாக்கிறதே கிடையாது" என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள், மனசாரவே சொல்லியிருக்கிறாள். அழகான கப்பில் கொடுப்பது எப்படித் தப்பாகும்? இப்படிப் பலதும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அந்த நாளைத் தள்ளினாள். அடுத்த வாரம் ஐனோவின் பெட்டியைக் கட்டி, முறுக்கும் சீடையும் இரண்டு டப்பா வைத்து, சொர்ணலதா வீட்டில் கொண்டுபோய் விட்டாள். அன்றைக்கும் அவள் இப்பத்தான் குடித்துவிட்டு வந்திருந்தாள்.

நாலாம் நாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஐனோ மயங்கி விழுந்தாள்.

அன்று சாயங்காலம் ஹெப்சிபா மங்கையர்க்கரசியின் வீட்டுக்கு வந்தாள். கையில் டேப்லெட், முகத்தில் சிரிப்பில்லை. சொர்ணலதா அன்று முழுக்க ஸ்டாஃப் ரூம் பக்கமே வரவில்லை என்பது மங்கையர்க்கரசிக்கு ஏற்கெனவே உறுத்திக்கொண்டிருந்தது.

"டாக்டர் பாத்துட்டாங்க. உடம்புக்கு ஒண்ணுமில்ல. பட்டினி," என்றாள் ஹெப்சிபா. "நாலு நாளா வாழைப்பழமும் கலரும்தான். உங்க முறுக்கு தீந்துட்டு. தண்ணிகூடக் கடையில பாட்டில் வாங்கிக் குடிக்கா. அந்த வீட்ல எது குடுத்தாலும் 'இப்பத்தான் குடிச்சிட்டு வாரேன்'ங்கா. அந்த வீட்லயேதான் இருக்கா, எங்க போய்க் குடிச்சிட்டு வந்தாளாம்? அவளுக்கே விளங்கல மேடம். 'பசிக்கி, ஆனா கை போவ மாட்டேங்கு'ன்னு அழுதா."

"அந்தப் பொட்டைக் கழட்டிருங்களேன்," என்றார் சங்கரலிங்கம்.

"கழட்டியும் பாத்தாச்சு சார், பலனில்லாம திரும்ப ஒட்டியாச்சு. பழகுனது உடம்புல நிக்கி, போக மாசக்கணக்காவும். சாதாரணமா ரெண்டாவது வீட்டுக்குப் போனா அந்த வீட்டுப் பழக்கத்தைப் புதுசா எடுத்துக்கும். ஆனா முதல் வீட்டு ஆளு ஏற்கெனவே அந்த ரெண்டாவது வீட்டுக்குப் போய், அங்க எப்படி நடந்துக்கிடணும்னு இவளுக்குக் காமிச்சிருந்தா, அது இறுகிப்போவும்." ஹெப்சிபா டேப்லெட்டைத் திறந்தாள். "மேடம், நீங்க இவளை அந்த வீட்டுக்கு முன்னாடி கூட்டிட்டுப் போயிருக்கீங்களா?"

"மூணு தடவை. கொண்டுபோய் விட்டதோட நாலு."

"அங்க என்ன சாப்பிட்டீங்க?"

"வாழைப்பழம்," என்றாள் மங்கையர்க்கரசி. ஹெப்சிபா திரையை ஒரு தடவை கீழே தள்ளினாள், பிறகு நிறுத்திவிட்டாள். அவளும் பாளையங்கோட்டைக்காரிதான். மூடி திறக்காத பாட்டிலையும் தோல் உரிக்கும் பழத்தையும் மட்டும் தொட்டுவிட்டுப் போகும் விருந்தாளிகளை அவள் வீட்டிலும் பார்த்திருப்பாளோ என்னவோ. சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தபடி டேப்லெட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"ரெண்டு வழி இருக்கு," என்றாள், இப்போது அலுவலகக் குரலில். "ஒண்ணு, ஐனோவை இங்கயே திருப்பிக் கூட்டிட்டு வந்துரலாம். நல்லாச் சாப்பிடுவா. ஆனா வீட்டை மாத்துனதுக்குக் காரணம் எழுதணும். படிவத்துல அதுக்கு ஒரே ஒரு கட்டந்தான் இருக்கு. 'உணவும் சுத்தமும் சரியில்லை.' சொர்ணலதா மேடம் பேருக்கு நேரா அது விழும். ஸ்கூலுக்கும் ஒரு நகல் போவும்."

"இன்னொண்ணு?"

"நீங்க அந்த வீட்டுக்குப் போய், இவ கண் முன்னால சாப்பிடணும்."

ஹெப்சிபா போனபின் சங்கரலிங்கம் தன் இரண்டு வரியைச் சொன்னார். "இங்கயே கூட்டிட்டு வந்துரு மங்கை. யாரு அந்தப் படிவத்தை எல்லாம் படிக்கப்போறா?"

மங்கையர்க்கரசி அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. சொர்ணலதாவின் வீட்டுத் தரையில் முகம் பார்க்கலாம், அவ்வளவு சுத்தம். அந்த வீட்டின்மேல் அப்படியொரு வரி விழட்டும், நமக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிற சங்கடம் மிச்சம் என்று ஒரு நிமிஷம், முழுசாக ஒரு நிமிஷம், அவள் மனசு கணக்குப் போட்டுவிட்டது. ஸ்டாஃப் ரூமில் தன் டப்பாவிலிருந்து சொர்ணலதாவுக்குக் கொடுத்த கூட்டும் பொரியலும் நினைவுக்கு வந்தன. சொர்ணலதா தன் டப்பாவை நீட்டியபோதெல்லாம், "எனக்குக் காரம் ஆகாதுல்லா" என்று சொன்னதும் வந்தது. சொர்ணலதா நீட்டுவதை எந்த வருஷம் நிறுத்தினாள் என்று யோசித்துப் பார்த்தாள். தெரியவில்லை. நிறுத்தியதைக்கூடக் கவனிக்கவில்லை. இது சாதி பார்ப்பதுதான், வேறு பெயரே இதற்குக் கிடையாது என்று அவள் முதல்முறையாகத் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனாள். சொர்ணலதா கதவைத் திறந்தாள். "வாங்க டீச்சர்," என்றாள். எப்போதும் வரும் சிரிப்பு வரவில்லை.

"சொர்ணம், நான்..."

"ஹெப்சிபா எல்லாம் சொன்னா. உள்ள வாங்க. சாப்பாடு ஆறுது."

இருபத்திரண்டு வருஷத்தில் மங்கையர்க்கரசி அந்த வீட்டின் முன்னறையைத் தாண்டியதில்லை என்பது சாப்பாட்டு மேசைக்கு நடக்கும்போதுதான் தெரிந்தது. மேசையில் ஐனோ உட்கார்ந்திருந்தாள். உதடு வெடித்திருந்தது. எழுந்து, "வாங்க அத்தை," என்றாள், பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். "என்னை மன்னிச்சுருங்க. டீச்சர் எவ்வளவோ செஞ்சு தாராங்க. யாழினி அழுதா, 'எங்க வீட்டுச் சாப்பாடு நாறுதா'ன்னு கேட்டா. நான் வேணும்னு செய்யல."

"நீ ஒண்ணும் செய்யலம்மா," என்றாள் மங்கையர்க்கரசி.

"இன்னைக்குச் சைவந்தான்," என்றாள் சொர்ணலதா, தட்டை வைத்தபடி. "ஆனா உங்களுக்குன்னு புதுப் பாத்திரம் எதுவும் வாங்கிச் சமைக்கல. எங்க பாத்திரந்தான். பூப் போட்ட கப்பும் எங்ககிட்டக் கிடையாது டீச்சர். வாரவங்க எல்லாருக்கும் ஒரே டம்ளர்தான்."

மங்கையர்க்கரசிக்குத் தலையில் அடித்தது போலிருந்தது. ஆக, சொர்ணலதாவுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். ஒவ்வொரு முறை அந்த நீலப்பூக் கப்பைக் கையில் வாங்கியபோதும் இவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தே, "காபி நல்லாருக்கு டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

சொர்ணலதா டம்ளரில் தண்ணீர் ஊற்றி நீட்டினாள்.

"இல்ல, இப்பத்தான் குடிச்சி..."

சொன்னது மங்கையர்க்கரசிதான். யாரும் எதிர்பார்க்கவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. வார்த்தை தானாக வந்துவிட்டது. அவள் காதுக்குப் பின்னால் எந்தப் பொட்டும் இல்லை. ஐனோ நிமிர்ந்து பார்த்தாள். சொர்ணலதா நீட்டிய கையை இறக்காமல் அப்படியே நின்றாள்.

மங்கையர்க்கரசி டம்ளரை வாங்கினாள். அண்ணாந்து ஊற்றிக்கொள்ளக் கை உயர்ந்தது, அதை இறக்கி, உதட்டில் வைத்துக் குடித்தாள். சாதாரணத் தண்ணீர். தாமிரபரணித் தண்ணீர், அவள் வீட்டுக் குழாயில் வருவதும் அதேதான். ஒரு டம்ளரையும் குடித்து முடித்தாள். சோறு வந்தது, கத்தரிக்காய் சாம்பார் வந்தது, அவியல் வந்தது. பிசைந்து வாயில் வைத்தாள். சொர்ணலதாவின் சமையல் இவ்வளவு நன்றாக இருக்கும் என்று இத்தனை வருஷம் தெரியாமல் போனதே என்று தோன்றியபோது கண்ணீர் தட்டிலேயே விழுந்தது. அவள் துடைக்காமல் சாப்பிட்டாள்.

எதிரே ஐனோவின் கை மேசையில் கிடந்தது. முதலில் விரல்கள் அசைந்தன. பிறகு கை மெல்ல நகர்ந்து டம்ளரைப் பிடித்தது. ஒரே மூச்சில் குடித்தாள். "டீச்சர், எனக்கும் சோறு," என்றாள். அவள் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்து அடுக்களை வாசலில் நின்ற யாழினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மூன்று முறை சோறு வாங்கினாள் ஐனோ. சொர்ணலதாவின் முகம்கூடக் கொஞ்சம் இளகியது. மங்கையர்க்கரசிக்கு மார்பிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. சரிபண்ணிவிட்டோம் என்று நினைத்தாள்.

கை கழுவப் பின்பக்கக் குழாய்க்குப் போனாள். வாயைக் கொப்பளித்தாள், மறுபடி கொப்பளித்தாள். சோப்பை எடுத்து விரலிடுக்கெல்லாம் தேய்த்தாள், அலசினாள், இன்னொரு தடவை தேய்த்தாள். மறுபடியும் தண்ணீர் எடுத்து, தொண்டை வரை விட்டுக் காறித் துப்பினாள். சொர்ணலதா துவைத்து மடித்த துண்டை நீட்டிக்கொண்டு நின்றாள். மங்கையர்க்கரசி இடுப்பிலிருந்த தன் கைக்குட்டையை எடுத்துத் துடைத்தபடி உள்ளே திரும்பினாள். ஐனோ எதிரே வந்து, அவளைக் கடந்து குழாய்க்குப் போனாள்.

பின்னால் தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ரொம்ப நேரம் கேட்டது. மங்கையர்க்கரசி திரும்பிப் பார்த்தாள்.

ஐனோ கொப்பளித்தாள், மறுபடி கொப்பளித்தாள். சோப்பை எடுத்து விரலிடுக்கெல்லாம் தேய்த்தாள், அலசினாள், இன்னொரு தடவை தேய்த்தாள். தொண்டை வரை தண்ணீர் விட்டுக் காறித் துப்பினாள். நீட்டிய துண்டைப் பார்க்காமலே, சட்டைப் பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டு, வயிறு நிறைந்த சந்தோஷத்தில் யாழினியைத் தேடி உள்ளே ஓடினாள்.

துண்டு சொர்ணலதாவின் கையிலேயே இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு மங்கையர்க்கரசியின் கையிலிருந்த ஈரக் கைக்குட்டையைப் பார்த்தாள்.

மங்கையர்க்கரசிக்கு அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. குழாயடியில் சோப்பு நுரை இன்னும் வடிந்துகொண்டிருந்தது. அதையே பார்த்தாள். "சொர்ணம், நான் தெரிஞ்சு செய்யல. சத்தியமா எனக்கே தெரியல. என்னைய..."

"மன்னிக்கச் சொல்லாதீங்க டீச்சர்," என்றாள் சொர்ணலதா. கோபமாகச் சொல்லவில்லை, களைப்பாகச் சொன்னாள். "எனக்குன்னா பழகிட்டு. இருபத்திரண்டு வருஷத்துல ஒரு நாளும் உங்ககிட்டக் கேட்டதில்ல, இனியும் கேக்கப்போறதில்ல. ஆனா அந்தப் பிள்ளைக்கு நாளைக்கும் பசிக்கும்."

துண்டை உதறி, கொடியில் போட்டு, ஓரங்களை இழுத்துவிட்டாள்.

"நாளைக்கும் வாங்க. அவ துண்டு எடுத்துத் துடைக்கிற வரைக்கும் தெனமும் வாங்க."

"வாரேன்," என்றாள் மங்கையர்க்கரசி. "எத்தனை மணிக்கு வரட்டும்?"

"ஸ்கூல் விட்டதும். காபி போட்டு வைக்கேன்," என்றாள் சொர்ணலதா. "குடிச்சிட்டு வராதீங்க."